கடனுக்கு ஆறு மாதம், வாடகைக்கு ஒரு மாதம்: பெருந்தொற்றுக் காலச் சலுகைகள் யாருக்குக் கிடைத்தன?

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு தொடங்கியபோது, திருச்சி மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள என்.எஸ்.பி. சாலை, பெரியகடை வீதி, சின்னக்கடை வீதி ஆகியவற்றின் கடைகள் அடைக்கப்பட்டன. கடைக்காரருக்கு வருமானம் நின்றது. விற்பனையாளருக்கும் சுமை தூக்குவோருக்கும் கூலி நின்றது. அவர்கள் குடியிருந்த வீடுகளின் உரிமையாளர்களுக்கு வாடகை நின்றது. இச்சங்கிலியில் அரசு யாரைத் தாங்கிப் பிடித்தது?

மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி கடன் தவணைகளுக்கு மூன்று மாத அவகாசம் அனுமதித்தது. பின்னர் அது ஆகஸ்ட் 31 வரை நீண்டது. கடன் பெற்று வணிக வளாகமும் அடுக்ககமும் கட்டி வாடகைக்கு விட்டவர்கள் இதனால் மூச்சுவிட முடிந்தது. வட்டி ஏறியது உண்மை. ஆனால் அந்த ஆறு மாதங்களுக்கு வட்டிக்கு வட்டி எவரிடமும் வசூலிக்கக் கூடாது என 2021 மார்ச் 23 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

குடியிருப்போருக்கு என்ன கிடைத்தது? மார்ச் 29 அன்று ஒன்றிய உள்துறை அமைச்சகம், பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இன்கீழ் ஓர் ஆணை பிறப்பித்தது. தொழிலாளர்களிடம் ஒரு மாதத்திற்கு வாடகை கேட்கக் கூடாது. அவர்களையும் மாணவர்களையும் வெளியேற்ற முனைந்தால் நடவடிக்கை எடுக்கப்படும் என்றது. அந்த வாடகை தள்ளுபடியா, தள்ளிவைப்பா என்பதை அது சொல்லவில்லை. ஒரு வீட்டு வாடகையை மட்டுமே நம்பி வாழும், கடன் ஏதுமில்லாத முதியவரின் இழப்பை ஈடுசெய்யவும் அதில் வழியில்லை. சிறு உரிமையாளரின் சுமை, முன்பணத்தில் கழிப்பதாகவும் காலி செய்யச் சொல்வதாகவும் குடியிருப்போர் மீதே இறங்கியது.

இங்கேதான் சாதி நுழைகிறது. பெயர், ஊர், உணவு ஆகியவற்றைக் கேட்டுச் சாதியறிந்து வீடு மறுப்பது நாமறிந்த வழக்கம். அதைக் கடந்து வாய்மொழியாக வீடு பெற்ற தலித் குடும்பம், எழுத்து ஒப்பந்தம் கேட்கத் துணிவதில்லை. 'வாடகை பாக்கி' என்ற காரணம் கையிலிருக்கும்போது, சாதியை முன்னிட்டே வெளியேற்றினார்கள் என்பதை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் மெய்ப்பிப்பதும் கடினம்.

2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையிலுள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் இச்சிக்கலை மேலும் இறுக்குகிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் அமைய வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவாக வேண்டும் என்கிறது அச்சட்டம். ஆனால் இருதரப்பும் ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதையே, உரிமையாளர் வீட்டைத் திரும்பப் பெறுவதற்கான காரணங்களுள் ஒன்றாகவும் வைத்திருக்கிறது. தவறு இருவருடையது, வீட்டை இழப்பவர் ஒருவரே.

ஆகவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்க வேண்டியுள்ளது. உரிமையாளர் ஒப்பந்தம் செய்ய மறுத்த இடங்களில், அதன் இன்மையைக் காரணம் காட்டி வெளியேற்றக் கூடாது. குடும்ப அட்டை, வங்கிவழி வாடகைச் செலுத்தல் போன்றவற்றைக் குடியிருப்புக்கான சான்றாக ஏற்க வேண்டும். அடுத்த பேரிடரில் வாடகை நிறுத்தப்பட்டால், சிறு உரிமையாளரின் இழப்பை அரசுக் கருவூலம் ஏற்க வேண்டும். அதுவரை, ஒவ்வொரு மாத வாடகைக்கும் ரசீதோ வங்கிப் பதிவோ இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். வழக்கு வரும் நாளில் உங்கள் பக்கம் பேசுவது அந்தத் தாளே.