பெட்டி இல்லாத எலெக்ஷன்!

எம்.பி. எலெக்ஷன் தெரியும். எம்.எல்.ஏ. எலெக்ஷன் தெரியும். பஞ்சாயத்துத் தலைவர் எலெக்ஷன் என்றால் ஊரே ரெண்டாகிவிடும். பள்ளிக்கூட எலெக்ஷன் தெரியுமோ? மைக் கிடையாது, போஸ்டர் கிடையாது, பிரியாணிப் பொட்டலம் நிச்சயமாகக் கிடையாது. அதனாலேயோ என்னவோ, அப்படி ஒன்று நடந்ததே பல பேருக்குத் தெரிவதில்லை!

கொல்லிமலையையே எடுத்துக்கொள்வோம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே வந்து சேர்ந்தால் செம்மேடு. கையில் வில்லோடு ஓரி மன்னன் சிலை, பஸ் ஸ்டாண்டு, கடைகண்ணி... மலைக்காரர்களுக்கு இதுதான் டவுன். சுற்றிலும் மிளகும் காப்பியும் மரவள்ளியும் விளையும் சரிவுகளில் சின்னச் சின்ன ஊர்கள். பெரும்பாலும் மலையாளி என்ற பழங்குடி மக்கள். (கேரளாவுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர்கள் என்று பொருள் சொல்லிக்கொள்வார்கள்!)

இங்கே இருக்கிற அரசுப் பள்ளிக்கு யார் பொறுப்பு என்று கேட்டுப் பாருங்கள். “கவர்மென்ட்டு” என்பார்கள். பாதிதான் சரி. 2009-ல் வந்த கட்டாயக் கல்விச் சட்டம், ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் ‘பள்ளி மேலாண்மைக் குழு’ என்று ஒன்று வேண்டும் என்கிறது. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். தலைமை ஆசிரியருக்கும் இடம் உண்டு. ஆனால் தலைவர் நாற்காலி அவருக்கில்லை; பெற்றோரில் ஒருவருக்கு!

அதாவது, காலையில் காப்பித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிற அம்மா, மத்தியானம் கூட்டத்துக்குத் தலைமை தாங்கலாம். சட்டப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது.

போர்டு ஸ்கூல் ஞாபகம் இருக்கா?

ஊர்க்காரர்கள் பள்ளிக்கூடம் நடத்துவது நமக்குப் புதுசில்லை. தாத்தாக்களைக் கேட்டால், “நான் போர்டு ஸ்கூல்ல படிச்சவன்” என்பார்கள். கரும்பலகை இருந்த ஸ்கூல் என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளைக்காரன் காலத்து ஜில்லா போர்டு நடத்திய பள்ளி அது.

அந்த நாற்காலியில் சரியான ஆள் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஏ.டி. பன்னீர்செல்வம் உதாரணம். 1920-களில் தஞ்சை ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தார். போர்டின் கையிலிருந்த திருவையாறு கல்லூரியில் அதுவரை சமஸ்கிருதம்தான் பாடம். அங்கே தமிழும் படிக்கலாம் என்று கதவு திறந்தது அவர் காலத்தில்தான். பிற்பாடு மந்திரியானார், 1940-ல் விமான விபத்தில் மறைந்தார். ஆனால் திருவையாற்றில் தமிழ் படித்துப் புலவரானவர்களுக்கு, மந்திரியைவிட அந்த போர்டுத் தலைவர்தான் முக்கியம்.

சுதந்திரத்துக்குப் பின் ஜில்லா போர்டு போயிற்று. பள்ளிகள் பஞ்சாயத்து யூனியன் பக்கமும் அரசாங்கத்தின் பக்கமும் போயின. போர்டு போனதோடு, பள்ளிக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஓட்டுக் கேட்கிற வழக்கம் இங்கே வளரவே இல்லை. அது வளர்ந்தது எங்கே தெரியுமா? கனடாவில்! அங்கே அந்த நாற்காலியில் ஒரு யாழ்ப்பாணத்துத் தமிழர் ஏறி இறங்கிய கதை சினிமாவை மிஞ்சும்.

தோற்கடித்தவர் நாற்காலி!

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் மேயரையும் கவுன்சிலரையும் தேர்ந்தெடுக்கும் அன்றைக்கே பள்ளி போர்டு உறுப்பினருக்கும் ஓட்டு. உதயசூரியனும் கிடையாது, இரட்டை இலையும் கிடையாது. கட்சிப் பெயரே ஓட்டுச் சீட்டில் வராது. பள்ளியில் பிள்ளை படிக்காதவர்கூட ஓட்டுப் போடலாம். டொரொன்டோ போர்டில் 22 உறுப்பினர்கள். அவர்கள் பொறுப்பில் சுமார் 580 பள்ளிகள், ரெண்டு லட்சத்துக்கு மேல் பிள்ளைகள்.

நீதன் சாண், இளவயதில் யாழ்ப்பாணத்திலிருந்து போனவர். 2006-ல் டொரொன்டோவை ஒட்டிய யோர்க் வட்டாரப் பள்ளி போர்டுக்கு ஜெயித்தார். அப்புறம் மாகாண சட்டசபைக்கு ஆசைப்பட்டார். 2011-ல் தோல்வி. 2014-ல் தோல்வி. நம்ம ஊராக இருந்தால் கட்சி மாறியிருப்பார்!

அவர் பள்ளிக்கூடத்துக்கே திரும்பினார். 2016 ஜனவரியில் டொரொன்டோ பள்ளி போர்டு இடைத்தேர்தல். அங்கே இருந்தவர் எம்.பி. ஆகிவிட்டதால் காலியான இடம். ஜெயித்தார். அதே வருஷம் செப்டம்பரில் மறுபடி சட்டசபை இடைத்தேர்தல். மறுபடி தோல்வி. ஜெயித்தவர் ரேமண்ட் சோ என்ற மாநகராட்சி கவுன்சிலர். சோ சட்டசபைக்குப் போனதால் அவருடைய கவுன்சிலர் இடம் காலி. 2017 பிப்ரவரியில் அந்த நாற்காலியைப் பிடித்தவர்... சாட்சாத் நீதன் சாண்!

2018-ல் மாகாண அரசு டொரொன்டோவின் வார்டுகளை 47-லிருந்து 25 ஆக வெட்டியது. அந்தத் தேர்தலில் ஜெனிஃபர் மெக்கெல்வியிடம் வெறும் 154 ஓட்டில் தோற்றார். 2022-ல் திரும்பவும் பள்ளி போர்டு. பின்னர் அதன் தலைவர். 2025-ல் மெக்கெல்வி எம்.பி. ஆனார். காலியான அந்த வார்டில், செப்டம்பர் இடைத்தேர்தலில் ஜெயித்தவர் யார் என்று நான் சொல்லணுமா?

பள்ளி போர்டைப் படிக்கட்டாக்கிக்கொண்டார் என்று குறை சொல்லலாம். 2016-ல் ஜெயித்த இடத்தில் ஒரு வருஷம் சொச்சம்தான் இருந்தார். ஆனால் விழுந்தபோதெல்லாம் தாங்கிப் பிடித்ததும் அதே படிக்கட்டுதான்.

ஒரே உத்தரவு

சரி, ஓட்டு வாங்கி ஜெயித்துவிட்டால் அதிகாரம் நிலைத்துவிடுமா? 2025 ஜூனில் ஒன்டாரியோ அரசு, நிதி நிர்வாகம் சரியில்லை என்று சொல்லி டொரொன்டோ போர்டைத் தன் மேற்பார்வையில் எடுத்துக்கொண்டது. அரசு போதிய பணம் தராததுதான் கோளாறு என்றது போர்டு தரப்பு. ஆயிரக்கணக்கான ஓட்டு வாங்கிய 22 பேரும் பெயருக்கு உறுப்பினர்கள். முடிவெடுப்பவர், அரசு நியமித்த ஒரே ஒரு மேற்பார்வையாளர்!

செம்மேட்டில் கதை தலைகீழ். அங்கே அதிகாரம் பறிபோனது. இங்கே கொடுத்த அதிகாரத்தை எடுத்துக்கொள்ள ஆள் வரவேண்டியிருக்கிறது.

2022 மார்ச் 20-ம் தேதி தமிழ்நாட்டின் 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளுக்குப் பெற்றோரைக் கூப்பிட்டார்கள். பிறகு 20 பேர் கொண்ட குழுக்கள் புதிதாக அமைந்தன. அந்த வருஷமே 13,331 தற்காலிக ஆசிரியர்களை நியமிக்கும் வேலை இந்தக் குழுக்களிடம் வந்தது. வேண்டியவர்களுக்கே வேலை போகும் என்று எதிர்ப்பு கிளம்பியது, வழக்கு நடந்தது, விதிகள் இறுகின. ஆனாலும் விஷயத்தைக் கவனியுங்கள்: டீச்சர் வேலைக்கு மனுப் போட்டவர், பிள்ளையின் அம்மா முன்னால் நிற்கவேண்டிய நிலை வந்தது!

இதைத் தவிர, பள்ளிக்கு வந்த பணம் எப்படிச் செலவாச்சு என்று கேட்கலாம். அடுத்த வருஷங்களுக்கு என்ன வேண்டும் — கக்கூஸா, காம்பவுண்டுச் சுவரா, குடிதண்ணியா — என்று திட்டம் எழுதிக் கொடுக்கலாம்.

அப்புறம் ஏன் கேட்பதில்லை? கூட்டத்துக்கு வந்தால் அரைநாள் கூலி போச்சு. மலைப்பாதையில் நடந்து வரணும். வந்து சேர்ந்தாலும் “இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா” என்று நோட்டு நீட்டப்பட்டால், வாத்தியாரிடம் எதிர்த்துக் கேட்க நாக்கு எழாது. உண்டு உறைவிடப் பள்ளி என்றால் பிள்ளை ஒரு மலையில், பெற்றவள் இன்னொரு மலையில்.

இதற்கு மருந்து பெரிசாக ஒன்றுமில்லை. பஸ் நேரம் பார்த்துக் கூட்டம் வைக்கலாம். நோட்டில் எழுதியதை உரக்க வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கலாம். போன மாசம் கேட்டது வந்ததா இல்லையா என்று இந்த மாசம் முதல் வேலையாகச் சொல்லலாம். ஒரு கூட்டத்தில் கேட்ட குழாய் அடுத்த கூட்டத்துக்குள் வந்துவிட்டால், அதற்கடுத்த கூட்டத்துக்கு ஆள் தானாக வரும்.

குழுவின் காலம் ரெண்டு வருஷம். அது முடிந்ததும் மறுபடி பெற்றோரைக் கூப்பிடுவார்கள். நோட்டீஸை உங்கள் பிள்ளைதான் பையில் போட்டுக் கொண்டுவரும். கணக்கு நோட்டுக்கும் டிபன் பாக்ஸுக்கும் நடுவே கசங்கிக் கிடக்கும். எடுத்துப் படித்துப் பாருங்கள். ஓட்டுக் கேட்டு யாரும் உங்கள் வாசலுக்கு வராத ஒரே எலெக்ஷன் இதுதான். ஏனென்றால், இதில் வேட்பாளரே நீங்கள்தான்!