கணிப்பைக் கவிழ்த்த வெள்ளைக் கார்!

குட்டீஸ்... ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் வகுப்பில் ஒரு பேச்சு ஓடுமே, கவனித்திருக்கிறீர்களா? ‘இந்த வருஷம் யாருடா பர்ஸ்ட் ரேங்க்?’ உடனே நாலைந்து பெயர்களைச் சொல்வோம். அந்தப் பெயர்களை எங்கிருந்து எடுக்கிறோம்? போன வருஷம் யார் நிறைய மார்க் வாங்கினார்களோ, அவர்களைத்தான் சொல்கிறோம். கடைசி பெஞ்சில் இருப்பவர் பெயரை யாரும் சொல்வதில்லை.

பார்முலா ஒன் கார் பந்தயத்திலும் இதே கதைதான். ஒவ்வொரு ஆண்டும் மார்ச் மாதம் பந்தயங்கள் தொடங்கும் முன்பே, ‘இந்த ஆண்டு சாம்பியன் யார்?’ என்ற கணிப்புகள் தொடங்கிவிடும். பத்திரிகைகள் எழுதும், முன்னாள் வீரர்கள் டிவியில் பேசுவார்கள், ரசிகர்கள் பந்தயம் கட்டுவார்கள். 2009ம் ஆண்டும் அப்படித்தான் கணித்தார்கள். ஆனால், அந்த ஆண்டு கணிப்புகள் தலைகீழாகக் கவிழ்ந்தன! எப்படி? வாருங்கள், திரும்பிப் பார்ப்போம்.

போன வருட மார்க் ஷீட்

முதலில் ஆட்ட விதியைத் தெரிந்துகொள்வோம். 2009ல் மொத்தம் 17 பந்தயங்கள். பல நாடுகளில் அவை நடந்தன. முதலில் வருபவருக்கு 10 புள்ளி, இரண்டாமவருக்கு 8, மூன்றாமவருக்கு 6. அப்படியே குறைந்து, எட்டாவதாக வருபவருக்கு 1 புள்ளி. ஆண்டு முடிவில் அதிகப் புள்ளி பெற்ற வீரர் உலக சாம்பியன். ஓர் அணிக்கு இரண்டு கார்கள். இருவரின் புள்ளிகளையும் கூட்டி, அணிக்கும் தனியாக ஒரு சாம்பியன் பட்டம் உண்டு.

2008ம் ஆண்டின் மார்க் ஷீட்டைப் பாருங்கள். மெக்லாரன் அணியின் லூயிஸ் ஹாமில்டன் 98 புள்ளிகளுடன் சாம்பியன். பெராரி அணியின் பெலிப்பே மாசா 97 புள்ளி. ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம்! அணிகளில் பெராரி முதலிடம், மெக்லாரன் இரண்டாமிடம், பி.எம்.டபிள்யூ. மூன்றாமிடம்.

இதைப் பார்த்தால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? ‘2009லும் பெராரிக்கும் மெக்லாரனுக்கும்தான் போட்டி’ என்பீர்கள். பெரும்பாலானவர்கள் அதைத்தான் சொன்னார்கள். பி.எம்.டபிள்யூ. அணியோ படிப்படியாக முன்னேறத் திட்டம் போட்டு வைத்திருந்தது. 2008ல் ஒரு வெற்றி, 2009ல் பட்டத்துக்குப் போட்டி என்பது அதன் கணக்கு. 2008ல் கனடாவில் ஜெயித்தும் காட்டியது. அதனால், ‘அடுத்த படியும் ஏறிவிடும்’ என்று பலரும் நம்பினார்கள்.

அதே மார்க் ஷீட்டின் அடியில், ஒன்பதாவது இடத்தில் ஒரு பெயர் இருந்தது: ஹோண்டா. 2008 முழுவதும் ஓடி எடுத்தது வெறும் 14 புள்ளிகள். அதன் வீரர் ஜென்சன் பட்டன் எடுத்தது 3 புள்ளி! 2000ம் ஆண்டு பார்முலா ஒன்னுக்கு வந்த அவருக்கு, 2006ல் ஹங்கேரியில்தான் முதல் வெற்றி கிடைத்தது. அதற்குள் 113 பந்தயங்கள் ஓடிவிட்டார். அதன்பின் ஒரு வெற்றியும் இல்லை. இன்னொரு வீரரான பிரேசில் நாட்டு ரூபென்ஸ் பாரிசெல்லோவுக்கு வயது 36. ‘சரி, ஓய்வு பெறும் நேரம்’ என்று பேசிக்கொண்டார்கள்.

கதவை மூடிய ஹோண்டா

அப்போது உலகம் முழுவதும் பெரும் பொருளாதார நெருக்கடி. கார்கள் விற்கவில்லை. 2008 டிசம்பர் 5ம் தேதி, ‘பார்முலா ஒன்னிலிருந்து விலகுகிறோம்’ என்று ஹோண்டா அறிவித்தது. இங்கிலாந்தில் பிராக்லி என்ற ஊரில் இருந்த அணியின் தொழிற்கூடத்தில் சுமார் 700 பேர் வேலை பார்த்தார்கள். கிறிஸ்துமசுக்கு இருபது நாள் இருக்கையில், ‘வேலை இருக்குமா, இருக்காதா?’ என்ற கவலை அத்தனை குடும்பங்களுக்கும் வந்துவிட்டது.

அணியின் தலைவர் ராஸ் பிரான். மைக்கேல் ஷூமாக்கர் ஏழு முறை உலக சாம்பியன் ஆனபோது, அவருடைய அணிகளில் தொழில்நுட்பத்தைக் கவனித்துக்கொண்டவர் இவர்தான். வாங்க ஆள் தேடினார், கிடைக்கவில்லை. கடைசியில் அவரும் உடன் இருந்த அதிகாரிகளும் சேர்ந்து அணியை வாங்கிக்கொண்டார்கள். விலை எவ்வளவு தெரியுமா? பெயருக்கு ஒரே ஒரு பவுண்டு! அணியை நடத்த ஹோண்டாவும் பணம் கொடுத்து உதவியது. 2009 மார்ச் 6ம் தேதி ‘பிரான் ஜி.பி.’ என்ற புது அணி பிறந்தது. முதல் பந்தயத்துக்கு இருந்ததோ 23 நாட்கள்தான்!

ஹோண்டா போனதால் இன்ஜினும் போய்விட்டது. மெர்சிடிஸ் இன்ஜின் தர முன்வந்தது. ஆனால், ஹோண்டா இன்ஜினுக்காக வடிவமைத்த காரில் அது பொருந்தவில்லை. காரின் பின்பகுதியை வெட்டி, மாற்றி அமைத்துப் பொருத்தினார்கள். ஒருவருக்குத் தைத்த சட்டையைப் பிரித்து, இன்னொருவருக்குத் தைப்பது போல!

‘சும்மா பாவ்லா காட்டுகிறார்கள்!’

பந்தயங்களுக்கு முன் எல்லா அணிகளும் சேர்ந்து ஓட்டிப் பழகுவது வழக்கம். மார்ச் 9ம் தேதி ஸ்பெயினின் பார்சிலோனா மைதானத்துக்கு பிரான் ஜி.பி. கார் வந்தது. வெள்ளை நிறம், பளீர் மஞ்சள் கோடு. விளம்பரங்கள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அந்த வெள்ளைக் கார் அந்த வாரம் பெரிய அணிகளையெல்லாம் வேகத்தில் மிரள வைத்தது.

பலர் நம்பவில்லை. ‘பெட்ரோலைக் குறைவாக நிரப்பிக்கொண்டு, விளம்பரதாரர்களைப் பிடிக்க வேகம் காட்டுகிறார்கள்’ என்றார்கள். அந்தச் சந்தேகமும் தப்பில்லை. பெட்ரோல் குறைந்தால் எடை குறையும்; எடை குறைந்தால் வேகம் கூடும். யார் காரில் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்பது வெளியில் இருப்பவருக்குத் தெரியாது. அதனால்தான் பயிற்சி நேரத்தை வைத்துக் கணிப்பது கஷ்டம்.

மார்ச் 29ம் தேதி. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரம். முதல் பந்தயம். பட்டன் முதலிடம், பாரிசெல்லோ இரண்டாமிடம்! ஒரு புது அணி தன் முதல் பந்தயத்திலேயே முதல் இரண்டு இடங்களைப் பிடித்தது, 1954ல் பிரான்ஸ் நாட்டில் மெர்சிடிஸ் செய்ததற்குப் பிறகு அதுவே முதல் முறை. 55 ஆண்டுகள் கழித்து!

ஆனால், அந்த மகிழ்ச்சியிலும் ஒரு வருத்தம் கலந்திருந்தது. சிறிய அணியாகிவிட்டதால், இருநூறுக்கும் மேற்பட்டவர்களை வேலையிலிருந்து அனுப்ப வேண்டியிருந்தது. ஜெயித்த காரைச் செய்த கைகளில் அவர்களுடைய கைகளும் உண்டு.

ரகசியம் என்ன?

காரணம் 1: 2009ல் விதிகள் பெரிய அளவில் மாறின. காரின் முன் இறக்கை அகலமானது. பின் இறக்கை குறுகி உயர்ந்தது. 1998 முதல் இருந்த கோடு போட்ட டயர்கள் போய், வழவழப்பான டயர்கள் மீண்டும் வந்தன. பாடத்திட்டம் மாறினால் எல்லாரும் முதல் பாடத்திலிருந்துதானே தொடங்க வேண்டும்? பழைய மார்க் ஷீட் உதவாது.

காரணம் 2: 2008ல் ஹோண்டா மோசமாக ஓடியது உண்மை. ‘இந்தக் கார் தேறாது’ என்று தெரிந்ததும், அதைச் சீராக்குவதில் நேரத்தை வீணாக்காமல், 2009க்கான காரை வடிவமைப்பதில் முழு மூச்சாக இறங்கிவிட்டார்கள். பெராரியும் மெக்லாரனும் கடைசிப் பந்தயம் வரை 2008 பட்டத்துக்காக மோதிக்கொண்டிருந்தன. ஆக, அந்த 14 புள்ளிகள் தோல்வியை மட்டுமா காட்டின? உள்ளே வேறொரு வேலை நடக்கிறது என்பதற்கும் அதுவே துப்பு! அதை யாரும் அப்படிப் படிக்கவில்லை.

காரணம் 3: ‘டிப்யூசர்’. காரின் அடிப்பகுதி பின்பக்கம் மேல்நோக்கி வளைந்திருக்கும்; அதற்குத்தான் இந்தப் பெயர். காருக்கு அடியில் காற்றை வேகமாகப் பாய வைப்பது இதன் வேலை. காற்று வேகமாகப் பாயும் இடத்தில் அழுத்தம் குறையும். அப்போது கார் தரையோடு அழுந்தும். டயருக்குப் பிடிப்பு கிடைக்கும். வளைவில் வேகத்தைக் குறைக்காமல் திரும்பலாம்.

டிப்யூசரின் அளவுக்கு வரம்பு வைத்தது புது விதி. பிரான், டொயோட்டா, வில்லியம்ஸ் அணிகள் விதியை வரி வரியாகப் படித்து, ஒரு சந்து கண்டுபிடித்தன. டிப்யூசருக்கு மேலே, மாடி கட்டியது போல இன்னொரு டிப்யூசரை அமைத்துவிட்டன! மற்ற அணிகள் புகார் செய்தன. ஏப்ரல் 15ம் தேதி, ‘விதிப்படி சரியே’ என்று மேல்முறையீட்டு மன்றம் தீர்ப்பளித்தது. ஒன்றைக் கவனியுங்கள்: இதே வித்தையைச் செய்த டொயோட்டாவும் வில்லியம்சும் அந்த ஆண்டு ஒரு பந்தயத்திலும் ஜெயிக்கவில்லை. ஒரு வித்தை மட்டும் போதாது. மொத்தக் காரும் நன்றாக இருக்க வேண்டும்.

செய்து பாருங்கள்!

இரண்டு காகிதங்களை முகத்துக்கு முன்னால், மூன்று விரல் இடைவெளியில் தொங்கவிட்டுப் பிடியுங்கள். நடுவில் வேகமாக ஊதுங்கள். காகிதங்கள் விலகும் என்று நினைப்பீர்கள். ஆனால், ஒன்றோடொன்று நெருங்கும்! உங்கள் முதல் கணிப்பும் கவிழ்ந்ததா?

இரண்டாவது கணிப்பும் புஸ்!

முதல் ஏழு பந்தயங்களில் ஆறில் பட்டனே ஜெயித்தார். சீனாவில் மட்டும் ரெட்புல் அணியின் செபாஸ்டியன் வெட்டல் ஜெயித்தார். இப்போது எல்லாரும் கணிப்பை மாற்றிக்கொண்டார்கள். ‘அவ்வளவுதான், மீதிப் பந்தயங்களும் பட்டனுக்கே!’

நடந்தது என்ன? அடுத்த பத்துப் பந்தயங்களில் பட்டன் ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை! ரெட்புல் வேகம் பிடித்தது. மற்ற அணிகளும் மாடி டிப்யூசர் கட்டிக்கொண்டன. முதல் ஏழில் 61 புள்ளி எடுத்தவர், கடைசிப் பத்தில் எடுத்தது 34 மட்டுமே. ‘ஓய்வு பெறட்டும்’ என்று பேசப்பட்ட பாரிசெல்லோவோ இரண்டு பந்தயங்களில் ஜெயித்து, அவரை விரட்ட ஆரம்பித்தார்.

அக்டோபர் 18ம் தேதி, பிரேசில். பாரிசெல்லோவின் சொந்த ஊர் மைதானம். அவர் முதலிடத்திலிருந்து புறப்பட்டார். பட்டனோ 14வது இடத்தில்! பட்டன் ஒவ்வொரு காராக முந்தி, ஐந்தாவதாக வந்தார். உலக சாம்பியன் ஆகிவிட்டார். அன்றே அணியும் சாம்பியன்!

கணிப்பும் நடந்ததும்

* பெராரி: பட்டம் என்றார்கள். முதல் மூன்று பந்தயங்களில் ஒரு புள்ளியும் இல்லை. ஒரே வெற்றியுடன் நான்காமிடம்.

* மெக்லாரன்: பட்டம் என்றார்கள். இரண்டு வெற்றி, மூன்றாமிடம்.

* பி.எம்.டபிள்யூ.: படி ஏறும் என்றார்கள். வெற்றியே இல்லை, ஆறாமிடம். ஆண்டு முடிவோடு விலகியது.

* ரெட்புல்: 2008ல் ஏழாமிடம். 2009ல் ஆறு வெற்றி, இரண்டாமிடம்.

* பிரான் ஜி.பி.: அணியே இருக்காது என்றார்கள். எட்டு வெற்றி, முதலிடம்!

இந்திய அணியின் குட்டி ஆச்சரியம்

கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன்தான் பார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர். 2005ல் அவர் ஓட்டிய ஜோர்டான் அணி, பல கை மாறி, 2008ல் ‘போர்ஸ் இந்தியா’ ஆனது. தொடர்ந்து 29 பந்தயங்களில் அந்த அணிக்கு ஒரு புள்ளிகூட இல்லை. 30வது பந்தயம் 2009 ஆகஸ்டில், பெல்ஜியத்தில். அதன் வீரர் பிசிகெல்லா முதலிடத்திலிருந்து புறப்பட்டு, ஒரு வினாடிக்கும் குறைவான இடைவெளியில் இரண்டாவதாக வந்தார்! உடனே பெராரி அவரை அழைத்துக்கொண்டது. அங்கே ஐந்து பந்தயங்கள் ஓடினார். எத்தனை புள்ளி? பூஜ்ஜியம்!

பிறகு?

2009 நவம்பரில் பிரான் ஜி.பி.யை மெர்சிடிஸ் வாங்கியது. ஆக, பிரான் ஜி.பி. இருந்தது ஒரே ஆண்டு. அந்த ஒரே ஆண்டிலும் சாம்பியன்! அதே பிராக்லி தொழிற்கூடத்திலிருந்து வந்த மெர்சிடிஸ் அணி, 2014 முதல் 2021 வரை தொடர்ந்து எட்டு முறை அணிகளுக்கான பட்டத்தை வென்றது. 2008 டிசம்பரில் மூடவிருந்த இடம் அது!

அப்படியானால் கணிப்பதே தப்பா? இல்லை குட்டீஸ். கணிப்பது ஜாலியான விஷயம். ஆனால், மார்க் ஷீட் போன வருடத்தைத்தான் சொல்லும். இப்போது கதவுக்குப் பின்னால் யார் என்ன உழைக்கிறார்கள் என்பதை அது சொல்லாது.

இந்த முறை பள்ளி திறந்ததும், ‘யார் முதலிடம்?’ என்று ஒரு தாளில் எழுதுங்கள். ‘ஏன்?’ என்று ஒரு வரியும் சேர்த்து எழுதுங்கள். மடித்து வைத்துவிட்டு, ஆண்டுத் தேர்வு முடிந்ததும் பிரித்துப் பாருங்கள். பெயர் தப்பாக இருந்தால் பரவாயில்லை. அந்த ‘ஏன்’ எங்கே தப்பியது என்று கண்டுபிடியுங்கள். ஒருவேளை, அந்தக் கடைசி பெஞ்ச் நண்பர் வருடம் முழுக்க என்ன செய்துகொண்டிருந்தார் என்பது அப்போது தெரியவரலாம்!