மிகைவேகப்படுத்தல் (கணினிச் செயலி)

மிகைவேகப்படுத்தல் அல்லது ஓவர்கிளாக்கிங் என்பது கணினியின் செயலியை, அதன் தயாரிப்பாளர் குறித்துள்ள கடிகாரத் துடிப்பைக் காட்டிலும் கூடிய துடிப்பில் இயங்கச் செய்வதாகும். துடிப்பு கூடினால் ஒரு நொடியில் செயலி செய்யும் வேலை கூடும்; வெளிவிடும் வெப்பமும் கூடும். எந்த அளவு வரை கூட்டலாம் என்பது செயலியை மட்டும் பொறுத்ததன்று. கணினி உள்ள அறையின் வெப்பநிலை, அவ்வீட்டின் மின்வழங்கல் ஆகியவற்றையும் பொறுத்தது. ஆகவே குளிர்நாட்டுப் பயனர் ஒருவர் எட்டிய அளவைத் தமிழ்நாட்டு வீடொன்றில் அப்படியே பின்பற்ற இயலாது.

இயங்கும் முறை

செயலியின் துடிப்பு என்பது தாய்ப்பலகை வழங்கும் அடிப்படைத் துடிப்பையும், செயலியின் பெருக்கி எண்ணையும் பெருக்கி வருவது. 1998 இல் வெளியான இண்டெல் செலரான் 300ஏ இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஆகும். அதன் பெருக்கி 4.5 என மாற்ற இயலாதவாறு பூட்டப்பட்டிருந்தது. அடிப்படைத் துடிப்பு 66 மெகாகெர்ட்சு. தாய்ப்பலகையில் அதனை 100 ஆக மாற்றினால் செயலி 450 மெகாகெர்ட்சில் இயங்கியது. பல மடங்கு விலையுள்ள பென்டியம் 2 செயலியின் வேகம் அது.

இது இயன்றதற்குக் காரணம், தயாரிப்பாளர்கள் சில்லுகளைச் சோதித்துத் தரம் பிரிக்கும்போது பாதுகாப்புக்காக ஓர் இடைவெளி விட்டு வேகத்தைக் குறிப்பதே. அவ்விடைவெளி சில்லுக்குச் சில்லு வேறுபடும். ஒரே பெட்டியில் வந்த இரு செயலிகள்கூட ஒரே அளவை எட்டுவதில்லை.

வெப்பக் கணக்கு

செயலி செலவிடும் திறன், துடிப்புக்கு நேர் விகிதத்திலும் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர் விகிதத்திலும் உயரும். துடிப்பை 20 விழுக்காடும், அதனைத் தாங்க மின்னழுத்தத்தை 10 விழுக்காடும் கூட்டினால், 1.2 × 1.1 × 1.1 = 1.45, அதாவது 100 வாட்டு செயலி ஏறத்தாழ 145 வாட்டு வெப்பம் வெளிவிடும். வேகத்தில் கிடைப்பது ஐந்தில் ஒரு பங்கு. வெப்பத்தில் கூடுவது ஏறக்குறையப் பாதி.

வெப்பத்தணிப்பானும் விசிறியும் செயலியை அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக்க இயலாது. ஒரு வாட்டுக்கு 0.3 பாகை உயர்வு தரும் வெப்பத்தணிப்பானைக் கொள்வோம். 145 வாட்டில் செயலியின் மேற்பரப்பு சுற்றியுள்ள காற்றைவிட 43 பாகைக்கு மேல் சூடாகும். காற்று 24 பாகை எனில் 67. 38 பாகை எனில் 81. உள்ளே இருக்கும் கருக்கள் இதனினும் சூடாக இருக்கும்.

இவ்வேறுபாடு கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குள்ளேயே உண்டு. சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய மூக்கண்டப்பள்ளி, ஓசூரின் ஏனைய பகுதிகளைப் போலவே கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் அமைந்தது. மேட்டுநிலத்திலிருந்து இறங்கிக் கிருஷ்ணகிரிக்குச் சென்றால் அறை வெப்பம் சில பாகை கூடும். சென்னையில் மே மாதத்தில் 40 பாகையைத் தாண்டும் நாட்களும் உண்டு. ஓசூரில் மார்கழியில் சோதித்து நிலைத்த அமைப்பு சென்னையில் கத்திரி வெயிலில் நிலைக்கும் என்பதற்கு உறுதியில்லை. சோதனையைக் கோடை நண்பகலில் செய்வதே முறை. (900 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏறத்தாழ 8 விழுக்காடு குறைவு. விசிறியின் பயன் சற்றே குறையும் எனினும், குளிர்ந்த காற்று அதனைப் பெரும்பாலும் ஈடுசெய்துவிடும்.) சரக்குந்துகள் ஓயாது செல்லும் சாலையோர வீடுகளில் வெப்பத்தணிப்பானின் தகடுகளிடையே புழுதி விரைவில் அடைந்துவிடும். சில மாதங்களுக்கு ஒருமுறை தூய்மை செய்யாவிடில் மேற்கண்ட கணக்குகள் பொருந்தா.

மின்வழங்கல்

வீடுகளில் பரவலாக உள்ள 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட்டு அளவே தாங்கும். செயலி, வரைவியல் அட்டை, திரை ஆகியவற்றின் கூட்டுத்தொகை இதனை நெருங்கினால், மின்தடையின்போது யுபிஎஸ் மின்கலத்துக்கு மாறும் அந்தச் சில மில்லிநொடிகளிலேயே கணினி அணைந்துவிடக்கூடும். தரமற்ற எஸ்எம்பிஎஸ் மீது மிகைவேகப்படுத்தல் செய்வதைத் தவிர்க்கவேண்டும். சென்னை ரிச்சி தெருவிலோ பெங்களூரு எஸ்.பி. சாலையிலோ மலிவாகக் கிடைக்கும் பெயரறியா எஸ்எம்பிஎஸ் பெட்டிகளில் ஒட்டியுள்ள வாட்டு எண்ணை நம்பலாகாது. மூன்றாம் முனையில் நில இணைப்பு உள்ளதா என்பதையும் மின்பணியாளரைக் கொண்டு உறுதி செய்க.

செய்முறை

முதலில் கோப்புகள் அனைத்தையும் வேறொரு வட்டில் படியெடுக்கவேண்டும். இது சடங்குக்காகச் சொல்லப்படுவதன்று. எல்லை கடந்த செயலி எப்போதும் உறைந்து நின்றுவிடுவதில்லை. சில வேளைகளில் தவறான விடையைக் கணித்து, அதனை வட்டிலும் எழுதிவிடும். குடும்ப நிழற்படங்களோ கல்லூரித் திட்ட அறிக்கையோ சிதைந்தது பல வாரங்கள் கழித்தே தெரியவரும்.

பின்னர் பயாசில் மின்னழுத்தத்தை மாற்றாமல் துடிப்பை மட்டும் சிறு படிகளில் உயர்த்துக. ஒவ்வொரு படியிலும் மெம்டெஸ்ட்86 கொண்டு நினைவகத்தையும், பிரைம்95 கொண்டு செயலியையும் பல மணிநேரம் சோதிக்கவேண்டும். பிரைம்95 தன் கணக்குகளைத் தானே சரிபார்ப்பதால், ஒரே ஒரு பிழை காட்டினாலும் ஒரு படி கீழிறங்குவது நல்லது. வெப்பநிலை வரம்பைத் தொட்டால் தற்காலச் செயலிகள் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்நிலையில் மிகைவேகப்படுத்தியும் பயனில்லை. மின்னழுத்தத்தை உயர்த்துவது இறுதி வழியாக இருக்கட்டும். கூடிய மின்னழுத்தமும் வெப்பமும் சில்லின் நுண்கம்பிகளையும் திரிதடையங்களையும் மெல்ல மெல்ல நலிவடையச் செய்யும். கணினி தொடங்கவே மறுத்தால், மின்னிணைப்பைத் துண்டித்துத் தாய்ப்பலகையிலுள்ள சிமாஸ் அமைப்பை அழித்தால் பழைய நிலை திரும்பும்.

தற்போதைய நிலை

2011 இல் வந்த சாண்டி பிரிட்ஜ் தலைமுறை முதல், இண்டெல் பெரும்பாலும் கே எழுத்துடைய செயலிகளிலேயே பெருக்கியைத் திறந்துவிடுகிறது. ஏஎம்டியின் ரைசன் மேசைக்கணினிச் செயலிகளில் பெரும்பாலானவை திறந்தவை. எனினும் இன்றைய செயலிகள் தேவைக்கேற்பத் தாமே வேகத்தை உயர்த்திக்கொள்வதால், பயனருக்கு எஞ்சும் இடைவெளி மிகச் சிறிது. இண்டெலின் 13, 14 ஆம் தலைமுறைச் செயலிகள் சிலவற்றில் அளவுமீறிய மின்னழுத்தத்தால் நிலையின்மை ஏற்பட்டு, 2024 இல் அந்நிறுவனம் நுண்நிரல் திருத்தம் வெளியிட்டு உத்தரவாதத்தையும் நீட்டித்தது. பயனர் எதையும் மாற்றாத கணினிகளிலும் அச்சிக்கல் நேர்ந்தது. வெப்பமான நம் ஊர்களில், வேகத்தைக் கூட்டாமல் மின்னழுத்தத்தைச் சற்றே குறைத்து இயக்கும் எதிர்முறையும் கருதத்தக்கது. அதற்கும் மேற்கூறிய சோதனைகள் அனைத்தும் தேவை.