டிசைன் வேலைக்குக் கம்ப்யூட்டர் வாங்கும் முன்

பிள்ளை டிசைனிங் படித்து முடித்ததும், எந்தக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுப்பது என்று நம் வீடுகளில் பேச்சு எழும். கடையில் விளக்கு மின்னும் கேமிங் சிஸ்டத்தைத்தான் முதலில் காட்டுவார்கள். நோட்டீஸ், நிக்காஹ் அழைப்பிதழ், பிளக்ஸ் பேனர் வேலைகளுக்கு அவ்வளவு விலையுள்ள கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை.

அந்தப் பணத்தை ரேமில் போடலாம். 10க்கு 6 அடி பேனரை அங்குலத்துக்கு 100 பிக்சல் வீதம் போட்டோஷாப்பில் அமைத்தால் 12,000க்கு 7,200, அதாவது 8.64 கோடி பிக்சல்கள். சிஎம்ஒய்கே நான்கு வண்ணத்தில் ஒரு முழு லேயரே சுமார் 345 எம்பி. பத்து லேயர் ஆனால் 8 ஜிபி ரேம் திணறும். 16 ஜிபியாவது வேண்டும். 32 என்றால் நிம்மதி. விண்டோஸும் நடப்பு வேலைகளும் எஸ்எஸ்டியில் இருக்கட்டும். பேக்கப்புக்கு ஹார்ட் டிஸ்க் போதும்.

நாம் அதிகம் ஏமாறுவது மானிட்டரில். அளவை மட்டும் பார்க்காமல், ஐபிஎஸ் பேனலா, எஸ்ஆர்ஜிபி வண்ணங்களை முழுமையாகக் காட்டுமா என்று கேளுங்கள். திரையில் ஒளிரும் பச்சை, தாளில் மையாக இறங்கும்போது மங்கித்தான் வரும். திரை வெளிச்சத்தை முழுதாக வைத்து டிசைன் செய்தால், அச்சில் படம் இருண்டுபோகும். ஆயிரம் அழைப்பிதழ் அடித்த பிறகு இது தெரிந்தால் நஷ்டம் நமக்குத்தான்.

ஏற்கெனவே தொழிலில் இருப்பவர்கள் பழைய சிஸ்டத்தை அவசரப்பட்டு விற்றுவிட வேண்டாம். பேஜ்மேக்கர் கோப்புகளோடு பாமினி போன்ற எழுத்துருக்களையும் நகலெடுத்துக்கொள்ளுங்கள். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் தமிழெல்லாம் ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும்.