மாசூட்டிய ஆக்சைடு: கணினியில் சலித்தெடுக்கும் முறை

காரைக்காலை அடுத்த திருமலைராயன்பட்டினம் போலகத்தில் 32.5 மெகாவாட் மின்நிலையம் இயற்கை எரிவாயுவில் இயங்குகிறது. உலகில் தயாராகும் ஹைட்ரஜனுக்கும் பெரும்பாலும் இயற்கை எரிவாயுதான் மூலப்பொருள். அப்படி எடுக்கும் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 கிலோவுக்கு மேல் கரியமில வாயு வெளியேறும்.

ஒளியைக் கொண்டு தண்ணீரைப் பிளந்தும் ஹைட்ரஜன் எடுக்கலாம் என்று 1972-இல் ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் காட்டினார்கள். அவர்கள் பயன்படுத்திய டைட்டேனியம் டைஆக்சைடை, மணவாளக்குறிச்சி கடல் மணலில் கிடைக்கும் இல்மனைட்டிலிருந்து தயாரிக்கலாம். ஆனால் அதன் ஆற்றல் இடைவெளி 3 எலக்ட்ரான் வோல்ட். வெயிலில் சிறு பங்கான புற ஊதாக் கதிர் மட்டுமே அதற்குப் பயன்படும். வேற்று அணுவைச் சேர்த்து இந்த இடைவெளியை மாற்றுவதுதான் மாசூட்டல். எந்த அணு பொருந்தும் என்பதை, உலையை மூட்டும் முன்பே கணினியில் சலித்துவிடலாம்.

1. தூய படிகத்தில் தொடங்குங்கள். டைட்டேனியம் டைஆக்சைடின் ரூட்டைல் என்ற படிக வகையின் அலகுக்கூட்டை, ஆற்றல் மிகக் குறையும் வரை, அடர்த்திச் சார்பியக் கோட்பாட்டின்படி (DFT) தளர்த்துங்கள். பக்க நீளங்கள் 4.59, 2.96 ஆங்ஸ்ட்ரம் என்ற சோதனை அளவுகளுக்கு அருகில் வர வேண்டும். வராவிட்டால் மேலே போகாதீர்கள்.

2. மேல்பரப்பை வெட்டுங்கள். ரூட்டைலில் நிலைப்பு மிகுந்தது (110) முகம். இப்படி வெட்டிய பலகையைக் கணினி மேலும் கீழும் அடுக்கிக்கொண்டே போகும். ஒன்றை ஒன்று பாதிக்காதிருக்க இடையில் 15 ஆங்ஸ்ட்ரம் வெற்றிடம் விடுங்கள்.

3. மாசூட்டுங்கள். 24 டைட்டேனியம் அணுக்களில் ஒன்றை எடுத்துவிட்டுக் குரோமியத்தை வைத்தால் மாசு சுமார் 4 சதவீதம். மேலடுக்கு, உள்ளடுக்கு என இடம் மாற்றி, எங்கே உருவாக்க ஆற்றல் குறைவு என்று பாருங்கள். அணு அங்கேதான் தங்கும்.

4. ஆற்றல் இடைவெளியைக் கணியுங்கள். சாதாரணத் தோராயம் தூய ரூட்டைலுக்கே 2 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைவாகக் காட்டும். அதனால் கலப்பினச் சார்பியத்தில் (hybrid functional) மறுபடி சரிபாருங்கள். இடைவெளியின் நடுவில் புதிய மட்டம் முளைத்தால் மகிழ வேண்டாம். ஒளியால் பிரியும் எலக்ட்ரானும் அது விட்டுச்செல்லும் துளையும் அங்கேயே சேர்ந்து அழிந்துவிடக்கூடும்.

5. தண்ணீரை வையுங்கள். ஆக்சிஜன் வெளியேற நான்கு படிகள் உண்டு. மேல்பரப்பில் முதலில் OH, அடுத்து O, பிறகு OOH, கடைசியில் ஆக்சிஜன் மூலக்கூறு. நான்கின் கட்டிலா ஆற்றல் மாற்றங்களைக் கூட்டினால் 4.92 எலக்ட்ரான் வோல்ட். சமமாகப் பிரிந்தால் படிக்கு 1.23. உதாரணமாக 1.05, 1.40, 1.90, 0.57 என்று வந்தால், மூன்றாம் படியே முட்டுக்கட்டை. 1.90-இலிருந்து 1.23-ஐக் கழித்தால் கிடைக்கும் 0.67 வோல்ட்தான் மிகை மின்னழுத்தம். மாசு அணு இந்த உயரமான படியைத் தாழ்த்துகிறதா என்பதே உண்மையான கேள்வி.

6. தூய பரப்புடன் ஒப்பிடுங்கள். ஒரே வெட்டு ஆற்றல், ஒரே கட்டப்புள்ளிகள் (k-points), ஒரே சார்பியம். இவற்றில் ஒன்று மாறினாலும் ஒப்பீடு செல்லாது.

திருச்சி என்.ஐ.டி.யில் 2022-இல் தொடங்கிய பரம் பொருள் மீக்கணினியின் திறன் 838 டெராஃபிளாப்ஸ். பெரிய பலகைகளுக்கு அப்படிப்பட்ட இயந்திரம் வேண்டும். பயிற்சிக்கு அது தேவையில்லை. குவாண்டம் எஸ்பிரெசோ மென்பொருள் இலவசம், முதல் படியின் சிறு கூட்டுக்கு மடிக்கணினியே போதும். காரைக்கால் மாணவர்களே, இன்று அந்தத் தூய படிகத்தைத் தளர்த்திப் பாருங்கள். அது சரியாக வந்த பிறகு மாசு அணுவைத் தொடுங்கள்.