பசியும் ஒரு நட்டக் கணக்கே

கடையைத் திறந்தால் பகல் 2 மணிவரை எழும்ப முடியாத வியாபாரிகளில் நானும் ஒருவன். பிளேன்டீயும் பணிசுமாகவே ஓட்டி வந்தேன். ஒருநாள் பசியில் தலை சுற்றி, 1000 ரூபாய் தந்தவருக்கு 5000 ரூபாய்க்கு மீதி கொடுத்து விட்டேன். அன்றுதான் யோசித்தேன்.

எங்கள் கொண்டச்சிக் கடலில் 1800ஆம் ஆண்டளவில் முத்துக் குளித்தவர்கள் விடியல் முதல் நண்பகல் வரை இடைவிடாது வேலை செய்தார்கள். ஒரு படகில் 10 பேர். 5 பேர் மூழ்க, மற்ற 5 பேர் இளைப்பாறினார்கள். வேலையும் நிற்கவில்லை, ஆளும் சோரவில்லை.

கடைக்கும் அதுவே வழி. 15 நிமிடமாவது ஆள் மாறிச் சாப்பிடுங்கள். தனி ஆளென்றால் காலையில் சிவப்பரிசிச் சோறு அல்லது குரக்கன் பிட்டுடன் பருப்பு, முட்டை, மீன் சேருங்கள். மெதுவாகச் செரிப்பதால் பசி தள்ளிப் போகும். கல்லாவுக்கு அருகில் அவித்த கடலையும் தண்ணீர்ப் போத்தலும் இருக்கட்டும். சீனித் தேநீரும் பணிசும் சற்று நேரத் தெம்புதான். சீனி வருத்தத்துக்கு மருந்தெடுப்பவர்கள் சாப்பாட்டைத் தள்ளிப் போடவே கூடாது.

வேலையாட்களையும் மறக்க வேண்டாம். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி நாளொன்றுக்கு வேலை 8 மணி நேரம். சாப்பாட்டு நேரம் அதில் சேராது. பசித்தவன் கை நிறுவையில் தவறும். நட்டம் நமக்குத்தான்.