ஒரே கம்பியில் ஆயிரம் விளக்கு

திருவிழா சீரியல் போர்டுகள் ஒரு காலத்தில் மோட்டாரால் ஓடின. மர உருளையில் செப்புத் தகடுகளைப் பதித்திருப்பார்கள். உருளை சுற்றும்போது எந்தத் தகடு கம்பியைத் தொடுகிறதோ அந்த வரிசை எரியும். போர்டில் மயில் தோகை விரிவதெல்லாம் தகட்டின் நீளத்தில் இருந்தது. வரிசைக்கு ஒரு கம்பி இழுத்தாக வேண்டும்.

சித்திரையிலும் ஆடியிலும் கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் இன்று நிற்பவை பிக்சல் எல்இடி போர்டுகள். உள்ளங்கையில் அடங்கும் கன்ட்ரோலரிலிருந்து புறப்படுவது ஒரே ஒரு டேட்டா கம்பி. விளக்குக்கு விளக்கு டபிள்யூஎஸ் 2811 போன்ற சிப் உண்டு. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தலா 8 பிட். ஆக 24 பிட். கைமாறும் திருநீற்றுத் தட்டு போல, முதல் சிப் தன் 24 பிட்டை எடுத்துக்கொண்டு மீதியை அடுத்ததற்குத் தள்ளிவிடும். ஒரு விளக்குக்கு 30 மைக்ரோ நொடி. ஆயிரம் விளக்கென்றாலும் நொடிக்கு 30 படங்களுக்குக் குறையாது.

இவ்வளவு வேகம் கையில் இருப்பதால்தான் பல போர்டுகள் கண்ணைப் பறிக்கின்றன. எனக்கு அதில் வருத்தம் உண்டு. கலை இருப்பது மெல்ல ஏறி மெல்ல இறங்கும் ஒளியில். அதற்கு ஒரு கணக்கு தெரிய வேண்டும். முழு வெளிச்சம் 255 என்றால் பாதிக்கு 128 கொடுப்போம். கண்ணுக்கோ அது பாதியைவிட நன்றாகவே தூக்கலாகத் தெரியும். இருட்டில் சிறு மாற்றத்தையும் உணர்வது நம் கண்ணின் இயல்பு. பாதியாகத் தெரிய 55 அளவில் கொடுத்தால் போதும். இந்தத் திருத்தத்துக்குப் பெயர் காமா. இது இல்லாத விளக்கு சட்டென்று எரிந்து சட்டென்று அணையும். கல்வராயன் மலையின் சிற்றூர்களில், சுற்றிலும் இருட்டு கெட்டியாக இருக்கும் இடத்தில், இன்னும் குறைத்தே வைக்கலாம்.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சிற்பத்தின் மேல் இந்த ஒளியைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. நேர் எதிரே வைத்தால் உளி வேலை தட்டையாகிவிடும். பக்கவாட்டில், தாழ்வாக, இளமஞ்சள் வைத்தால் ஒவ்வொரு செதுக்கலுக்கும் நிழல் விழும். இடமிருந்து வலமாக ஒளியை ஒரு நிமிடம் எடுத்து நகர்த்தினால் சிற்பத்தின் முகபாவமே மாறும்.

செய்து பார்க்க அதிகம் தேவையில்லை: ஈஎஸ்பி 32 போர்டு, அதில் ஏற்ற டபிள்யூலெட் என்ற இலவச மென்பொருள், ஒரு சரம் பிக்சல், 5 வோல்ட் பவர் சப்ளை. சரம் நீண்டால் கடைசி விளக்குகளில் வெள்ளை செம்மஞ்சளாகும். வோல்டேஜ் குறைந்தால் நீலமும் பச்சையும் முதலில் மங்கும். குறைந்த வோல்டேஜே போதுமான சிவப்பு தாங்கி நிற்கும். அப்போது நிரலைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம், சரத்தின் மறுமுனையிலும் பவர் கொடுங்கள்.